யாருடைய கடன்?

கிள்ளான் கொமுட்டரில் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, ராத்திரி வேலைக்கும் போறேன். சிஜிபிஏ 2.00க்குக் கீழே போனா பிடிபிடிஎன் கடன் நின்னுடுமாம். இது நியாயமா?”

பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை யோசித்தேன். விதியில் தப்பில்லை. 1997இல் அமைந்த அந்த நிதியில், ஒருவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்த மாணவனுக்கு உதவுகிறது. ஆனால் விதி புள்ளியைத்தான் பார்க்கும். தூக்கமில்லாத கண்ணைப் பார்க்காது.

தேவர், ரிஷி, பித்ருக்கள் என மூன்று கடனோடு பிறக்கிறோம் என்கிறது நம் சமயம். ரிஷிகடன் பணத்தால் தீராது, படித்தால்தான் தீரும். அதைத் தீர்க்க விடாமல் குடும்பக் கஷ்டம் ஒருவனை இழுக்கும்போது, “ஒழுங்கா படிடா” என்று சொல்லிவிட்டுப் போவது அறமா? சம்பாதிக்கும் நாம் நாலு பேர் சேர்ந்தால், வாரத்தில் இரண்டு இரவையாவது அவனுக்கு மீட்டுக் கொடுக்கலாமே. அதுவும் நம் கடன்தான்.