தளர்முதுமையும் மருத்துவ ஆராய்ச்சியும் – ஓர் அறவியல் நோக்கு

1963 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, நியூ யோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலிருந்த யூதர் நாட்பட்ட நோய் வைத்தியசாலையில், நோயாளர் 22 பேரின் தோலின் கீழ் உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் புற்றுநோய் இல்லாதோர். வேறு நோய்களால் நெடுங்காலம் நலிந்தோர். உடலின் எதிர்ப்பாற்றலை அறியும் சோதனை என்ற அளவிலேயே அவர்களுக்குக் கூறப்பட்டது. செலுத்தப்படுவது யாது என்பது கூறப்படவில்லை.

ஆராய்ச்சியை வகுத்த செஸ்டர் சௌதம் என்பார் இத்தகைய சோதனையை ஒகையோ மாநிலச் சிறைக்கைதிகளிடத்தும் முன்னரே நடத்தியிருந்தார். நலமுள்ளோரின் உடல் இக்கலங்களை விரைவில் ஒழித்துவிடும். புற்றுநோயாளரின் உடலோ தாமதித்தே ஒழிக்கும். தாமதத்துக்குக் காரணம் புற்றுநோயா, அன்றி உடலின் பொதுவான நலிவா? விடை காணப் புற்றுநோயில்லாத நலிந்தோர் வேண்டப்பட்டனர். ஆகவே நலிவே அவர்களைத் தெரிவுசெய்வதற்குரிய தகுதியாயிற்று.

இளம் வைத்தியர் மூவர் இப்பணியைச் செய்ய மறுத்தனர். பணிப்பாளர் சபை உறுப்பினர் ஒருவர் ஆவணங்களைப் பார்வையிடும் உரிமை கோரி நீதிமன்றம் சென்றார். முடிவில் சௌதமும், வைத்தியசாலையின் மருத்துவப் பணிப்பாளரும் தொழில்நெறி வழுவியவர்களெனத் தீர்க்கப்பட்டனர். ஓராண்டு அனுமதி இடைநிறுத்தம் விதிக்கப்பட்டு, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் சௌதம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார் என்பது, அக்கால மருத்துவ உலகம் இப்பிழையை எவ்வளவு இலேசாக நிறுத்தது என்பதைக் காட்டும்.

ஈண்டு நோக்கற்பாலது அவர்கள் கூறிய நியாயம். கலங்களை உடல் எப்படியும் ஒழித்துவிடும், ஆபத்து இல்லை. புற்றுநோய் என்னுஞ் சொல்லைக் கேட்டால் நோயாளர் வீணே அஞ்சுவர். எனவே சொல்லாமை கருணையே என்பது அவர்தம் வாதம். இதனை வெறும் பசப்பு என்று ஒதுக்கிவிடல் எளிது. ஆயின் வீட்டிலே முதியவரின் நோயை அவருக்கே மறைத்து, பிள்ளைகளிடம் மாத்திரம் தனியே கூறும் வைத்தியரும் இதே கருணையினால் உந்தப்படுபவரே. அஞ்சுவதா இல்லையா என்பது அஞ்சவேண்டியவர் தீர்மானிக்க வேண்டியதொன்று. அதனை மற்றொருவர் தீர்மானிக்கும் அக்கணமே அவர் ஒரு மனிதர் என்ற நிலையினின்று பராமரிக்கப்படும் பொருள் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறார்.

இத்தகைய நிகழ்ச்சிகளை ஹென்றி பீச்சர் 1966 இல் வெளிக்கொணர்ந்தார். அதன்பின் வந்த பத்தாண்டுகளில் ஆராய்ச்சி விதிகள் இறுகின. தளர்ந்த முதியோரைச் சோதனைகளிற் சேர்க்காதிருத்தலே பாதுகாப்பு என்ற எண்ணமும் வேரூன்றியது. மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1969 இல் எழுதிய கட்டுரையும் இதற்குத் துணைபோவது போலத் தோன்றும். ஆராய்ச்சிக்கு முதலில் முன்வரவேண்டியோர் ஆராய்ச்சியாளரே. அறிவும் சுதந்திரமும் மிக்கோர் முன்னும், அவை குறைந்தோர் இறுதியிலும் அழைக்கப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆனால் விலக்கப்பட்டோர் சோதனையினின்று தப்பினரா? மனச்சிதைவு நோயாளருக்கென உருவான மருந்துகள், முதுமை மறதியுற்றோரின் அமைதியின்மையைத் தணிக்கவென முதியோர் இல்லங்களிலே பல்லாண்டு காலம் வழங்கப்பட்டன. அம்முதியோரிடத்தே முறையாக நடந்த 17 சோதனைகளை ஒருங்கு நோக்கிய பின்னரே, புதுவகை மருந்துகளை உண்டோரின் இறப்பு வீதம் ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு என்பது தெரியவந்து, அமெரிக்க அரசு 2005 இல் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முன் நடந்ததும் ஒரு பரிசோதனைதான். கணக்கு வைக்கப்படாத, சம்மதம் கேட்கப்படாத பரிசோதனை. மறுபுறத்தே, எண்பது கடந்தோரின் உயர் குருதியமுக்கத்தைக் குறைத்தல் தீதாகலாம் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. 3,845 பேரிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு, மருந்து உண்டோரின் இறப்புக் குறைந்ததைக் காட்டிற்று. ஆயினும் அதிலும் முதுமை மறதியுற்றோரும் தாதியர் பராமரிப்பில் இருந்தோரும் விலக்கப்பட்டிருந்தனர். மிகத் தளர்ந்தவருக்கு எது நன்று என்பது பெரிதும் ஊகமாகவே எஞ்சியது.

புறூக்ளினிலே கேளாமற் சேர்த்தனர். பின்னர் கேளாமல் விலக்கினர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. யோனாஸின் நியதியும் முழுமையாக வாசிக்கப்படல் வேண்டும்: நோயுற்றோர் தம் சொந்த நோய் பற்றிய ஆராய்ச்சியிற் பங்குகொள்ளலாம் என்று அவரே இடமளிக்கின்றார். 2001 இல் லிண்டா பிறீட் முதலியோர் தளர்வை எடையிழப்பு, களைப்பு, கைப்பிடி வலுக்குறைவு, மெதுநடை, இயக்கக்குறைவு என்னும் ஐந்தினால் அளந்து, மூன்றேனும் உள்ளவரைத் தளர்ந்தோர் என வரையறுத்தனர். இவ்வாறு தளர்வு தனியாக அறியத்தக்க ஒரு நிலையாயின், அதுபற்றி அறியத் தளர்ந்தோரையன்றி வேறெவரைக் கேட்பது? புற்றுநோயியலுக்கு ஒப்பீட்டுப் பொருளாக அவரைக் கொள்வது வேறு. அவருடைய தளர்வின்பொருட்டு அவரை அணுகுவது வேறு.

எஞ்சும் இடர்ப்பாடு பெரிது. 'அறளை பெயர்ந்தவர்' என யாழ்ப்பாண வழக்கிற் சுட்டப்படுபவரிடம் சம்மதம் எவ்வாறு பெறுவது? உறவினர் கையொப்பம் வேண்டியதே, ஆனால் போதியதன்று. உறவினருக்கும் களைப்பும் அவசரமும் உண்டு. சம்மதம் அளிக்க இயலாதவரும் மறுப்பை வெளியிடக்கூடுமாயின் அம்மறுப்பு மதிக்கப்படல் வேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனம் பிற்காலத்தில் வகுத்தது. நடக்கும் ஆண்டைச் சொல்ல இயலாத ஒருவர், ஊசியைக் கண்டு கையை உள்ளிழுத்துக்கொள்வாராயின், அப்பிரகடனத்தின்படி அதுவும் ஒரு விடையாகும்.