பாடலிபுத்திரத்தில் பிரிந்த இரு துறவியர்

துறவி ஒருவர் தாம் நேசித்த அயல்நகரை விட்டு நீங்குவது பற்றறுத்தலா, அன்றித் தாயகத்தின்மீது கொண்ட மற்றொரு பற்றின் விளைவா என்னும் வினாவை ஆராயச் சீனப் பௌத்தத் துறவி பாஹியானின் பயணம் துணைசெய்கிறது. சங்கத்தின் ஒழுக்க விதிகளாகிய விநய நூல்களைத் தேடிக் கி.பி. 399இல் சாங்கான் நகரிலிருந்து புறப்பட்ட அவர், பாடலிபுத்திரத்தில் மூன்றாண்டுகள் தங்கிச் சமஸ்கிருதம் கற்று அந்நூல்களைப் படியெடுத்தார். உடன்வந்த தாவோசெங், அங்குள்ள துறவியரின் ஒழுங்கில் மனம் தோய்ந்து, புத்தநிலை எய்தும்வரை சீனம் போன்ற எல்லைப்புற நாட்டில் பிறவாதிருக்க வேண்டுமென வேண்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட, பாஹியான் அவ்விதிகளைச் சீனத்தில் பரப்பும் நோக்கத்தோடு தனித்துப் புறப்பட்டார்.

பிறவித் தளைக்குக் காரணமாகப் பௌத்தம் கூறும் உபாதானம், அதாவது இறுகப் பற்றுதல், புலனின்பங்களோடு சீலங்களையும் சடங்குகளையும் பற்றுவதையும் உள்ளடக்குவதால், புனித நகரின்மீது கொண்ட ஈடுபாடும் அதன் வரம்புக்குள் அடங்கக்கூடியதே. எனினும், பின்னர் இலங்கையின் அனுராதபுரத்தில் புத்தர் சிலையருகே வணிகர் ஒருவர் காணிக்கையாக வைத்த சீன வெண்பட்டு விசிறியைக் கண்டு பாஹியான் கண்ணீர் வடித்தமையால், நீங்கியவரும் முற்றிலும் பற்றற்றவரல்லர் என்பது புலனாகும். ஆகவே, அவர் நாடு திரும்பித் துறவி புத்தபத்திரருடன் மகாசாங்கிகப் பிரிவின் விநயத்தை மொழிபெயர்த்து, தாம் பெற்றதைப் பிறர்க்கு உரியதாக்கியதைக் கொண்டே அவர் பாடலிபுத்திரத்தை நீங்கியதன் அறத்தகுதியை மதிப்பிட வேண்டியுள்ளது.