வாசலில் நிற்பவர்

மனிதனை எதைக்கொண்டு மதிப்பிடுவது? இன்று அவன் நிற்கும் இடத்தைக் கொண்டா, அன்றி அவன் செல்லும் திசையைக் கொண்டா? இக்கேள்விக்கு வேதியியல் விடை தராது. எனினும், கேள்வியைத் தெளிவாகக் கேட்க நமக்குத் துணைசெய்யும்.

வேதிவினைகளுள் மிக எளிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் அணு ஒன்று, ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றோடு மோதுகிறது. மூலக்கூறில் இணைந்திருந்த ஈரணுக்களுள் ஒன்று பழைய துணையைப் பிரிந்து, வந்த அணுவோடு சேர்கிறது. 1931-இல் பெர்லினில் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் பொலானியும் இம்மாற்றத்திற்கு நிலப்படம் போன்ற ஒரு வரைவைக் கணித்தார்கள். அதில் இரு பள்ளத்தாக்குகள். அவற்றிடையே ஒரு மலைக்கணவாய். பழைய இணைப்பு ஒரு பள்ளத்தாக்கு. புதிய இணைப்பு மற்றொன்று. கணவாயின் உச்சியில் மூன்று அணுக்களும் ஒரே கோட்டில் அமையும். நடு அணு இருபுறத்து அணுக்களுக்கும் ஏறத்தாழ 0.93 ஆங்ஸ்ட்ராம் என்னும் சம தொலைவில் இருக்கும். இரண்டுக்கும் அது உரியது. எதற்கும் முழுமையாக உரியதன்று. இதுவே மாறுநிலை. 1935-இல் ஐரிங் அமெரிக்காவிலும், எவன்சும் பொலானியும் இங்கிலாந்திலும் இதனைக் கொள்கையாக வகுத்தனர்.

ஆற்றல் இருந்தால் போதும், கணவாயைக் கடந்துவிடலாம் என எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. போதிய ஆற்றலோடு மோதியும் பழைய நிலைக்கே மீள்பவை பல. அணுக்கள் தக்க ஒழுங்கில் அமையவேண்டும். ஆற்றலும் தக்க அசைவில் சேரவேண்டும். ஆகவே அறிஞர்கள் அணுக்களின் இருப்பிடத்தோடு அவற்றின் இயக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். இவ்விரண்டும் அடங்கிய பரப்பை நிலைவெளி எனலாம். அதில் மாறுநிலை ஒரு குறுகிய வாயில் போன்றது. உச்சியில் இரு மூலக்கூறுகள் ஒரே வடிவில் இருக்கக்கூடும். ஒன்று முன்னேறுவது, மற்றொன்று திரும்புவது. அணுக்களின் இருப்பிடத்தை மட்டும் காண்பவருக்கு வேறுபாடு தெரியாது.

மேலும் ஒன்று. வாயிலைக் கடந்தவை திரும்பமாட்டா என்று அக்கொள்கை கருதிக்கொள்கிறது. உண்மையில் சில திரும்பிவிடுகின்றன. எனவே பழைய இயக்கவியலின்படி அக்கொள்கை தரும் வேகம் மெய்யான வேகத்திற்கு மேல்வரம்பாகவே அமையும் என்பதை 1938-இல் யூஜின் விக்னர் விளக்கினார்.

இவ்விரு செய்திகளும் நம் சிந்தனைக்கு உரியவை. பெரிய வியாழன் இரவில் பேதுரு தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார், யூதாசு காட்டிக்கொடுத்தான். அவ்விரவை மட்டும் நோக்கினால் இருவரும் வீழ்ந்தவர்களே. பின்னர் இருவருமே மனம் வருந்தினர். யூதாசு முப்பது வெள்ளிக்காசுகளையும் எறிந்துவிட்டுச் சென்றான் என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. ஆனால் ஒருவரின் கண்ணீர் ஆண்டவரை நோக்கி ஓடியது. மற்றவனின் துயரம் தன்னுள்ளேயே சுருண்டு நம்பிக்கையிழந்தது. அங்குங்கூட இறுதித் தீர்ப்பைத் திருச்சபை தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று அது எவரைப் பற்றியும் அறிவித்ததில்லை.

நமது ஆலயங்களில் ஞாயிறு திருப்பலியின்போது உள்ளே வராமல் வாசற்படியருகே நிற்பவர்கள் உண்டு. பல்லாண்டுகளுக்குப் பின் தயங்கித் திரும்பி வந்தவர் ஒருவர். மெல்ல விலகிக்கொண்டிருப்பவர் மற்றொருவர். இருவரும் நிற்பது ஒரே படியில். பார்க்கும் நாமோ இருவரையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிட்டு உள்ளே செல்கிறோம். குடியை விட்டவர் மீண்டும் ஒருநாள் தடுமாறினால், அவர் என்றுமே திருந்தவில்லை என்கிறோம். ஒருமுறை கடந்தவர் மீண்டும் பின்வாங்குவதும், பின்வாங்கியவர் மறுபடியும் முன்வருவதும் மனமாற்றத்தின் பாதையில் உள்ளவையே. ஒப்புரவு அருட்சாதனம் வாழ்வில் ஒரே ஒருமுறைக்கென அளிக்கப்படவில்லை அன்றோ!

உவமைக்கு எல்லை உண்டு. மூலக்கூறுக்குச் சுதந்திரமில்லை, அதற்கு அருளும் இல்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டு. அவன் உள்ளத்தின் திசையை முழுமையாக அறிபவர் இறைவன் ஒருவரே. அதை அறியாத நாம் செய்யத்தக்கது, படியில் நிற்பவரிடம் ஓர் அன்புச் சொல் சொல்லி, அவர் அமர இருக்கையில் சிறிது இடம் விடுவதே.