பந்தயத்தின் அளவு, பொய்யின் அளவு

ஒருவன் ஒன்றை நிஜமாகவே நம்புகிறானா, நம்புவதாகப் பேசுகிறானா என்று அறியப் பந்தயமே உரைகல் என்கிற யோசனை கான்ட்டுடையது. 1781-ல் வந்த, தூய அறிவு பற்றிய அவருடைய விசாரணையின் பிற்பகுதியில் இது இருக்கிறது. ஒரு பொற்காசு வைக்கத் துணிகிறவன் பத்து என்றதும் தயங்குகிறான். தன் உறுதிக்கு எல்லை உண்டென்பது அப்போதுதான் அவனுக்கே தெரியவருகிறது. பணத்தின் அளவு நம்பிக்கையின் அளவாகிவிடுகிறது.

வரம்பில்லாப் போக்கர் இந்த உரைகல்லையே போலி செய்யக் கற்றுக்கொண்ட ஆட்டம். இன்று பெரிதும் ஆடப்படும் வகையில், ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டு. மேஜை நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு, படிப்படியாகத் திறக்கப்படும். தன் முறை வரும்போது ஒருவன் தன் முன்னுள்ள பணம் முழுவதையும் நடுவில் தள்ளலாம். எதிராளி ஈடாகப் பணம் வைத்துச் சீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும், அல்லது தன் சீட்டைக் கவிழ்த்து விலக வேண்டும். அவன் விலகிவிட்டால் தள்ளியவன் எதையும் காட்ட வேண்டியதில்லை. பெரிய பந்தயம் பலத்தின் அடையாளம் என்பதாலேயே பலமற்றவனும் அதை வைக்கிறான்.

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடரின் கடைசிக் கட்டம். எஞ்சியவர் இருவர்: டென்னஸி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா. ஓர் ஆட்டத்தில் மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் ஏழும். அவர் எதிர்பார்த்த சீட்டு எதுவும் நடுவில் வரவில்லை. கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கர் அத்தனை பணத்தையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து விலகினார். மணிமேக்கர் தொடரை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். இந்த ஆட்டத்தைத் துணிச்சலின் உதாரணமாகச் சொல்வது வழக்கம்.

துணிச்சல் என்ற சொல் எனக்கு இங்கே போதுமானதாகப் படவில்லை. 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் தனித்தனியே மோதி, 20 நாளில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. நடுவில் குவிந்திருந்த தொகையைப் போலப் பல மடங்கை அது சர்வசாதாரணமாகப் பந்தயம் வைத்தது. அதற்குப் பயமில்லை; ஆகவே துணிச்சலும் இல்லை. எது மனோதிடம் என்று கொண்டாடப்பட்டதோ அது கணக்காகவும் இருக்க முடியும் என்று ஆகிவிட்டது.

கணக்கு எளிமையானது. கடைசிச் சுற்று, நடுவில் 100 ரூபாய். நான் 100 வைக்கிறேன். எதிராளி 100 போட்டால் 200 கிடைக்கலாம். என் பந்தயங்களில் மூன்றில் ஒன்று வெற்று மிரட்டலாக இருந்தால், அவன் பார்த்தாலும் விலகினாலும் அவனுக்கு ஒன்றுதான். நான் 50 வைத்தால் நான்கில் ஒன்று மட்டுமே பொய்யாக இருக்கலாம். 200 வைத்தால் ஐந்தில் இரண்டு. பந்தயம் பெருகப் பெருக அது தாங்கக்கூடிய பொய்யும் பெருகுகிறது. ஆனால் எவ்வளவு பெருகினாலும் பாதியை எட்டாது. எட்டினால் எதிராளி ஒவ்வொரு முறையும் பார்த்தே லாபம் அடைவான். மெய் எப்போதும் பெரும்பான்மையாக இருந்தாக வேண்டும் என்பதை எந்த நீதிநூலும் இங்கே விதிக்கவில்லை. பொய்யே அதை வேண்டி நிற்கிறது.

இன்னொன்று. 1944-ல் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து எழுதிய நூலில் ஃபான் நாய்மன் போக்கரின் எளிய மாதிரி ஒன்றை ஆராய்ந்தார். அதில் பெரிய பந்தயம் வைக்க வேண்டியவை மிகச் சிறந்த சீட்டுகளும் மிக மோசமானவற்றில் சிலவும். நடுத்தரமானவை மௌனமாக இருக்க வேண்டும். நடுத்தரச் சீட்டு பேசாமலிருந்தே ஜெயிக்க வாய்ப்புண்டு. ஒன்றுமில்லாதவனுக்கு எதிராளி விலகினால் மட்டுமே வழி. கான்ட் சொன்ன அளவுகோலில் உறுதியின் இரு முனைகளும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுகின்றன.

அப்படியானால் இது ஏமாற்றா? ஏமாற்று வெளிப்பட்டால் செத்துப்போகும். திருப்பித் தரும் எண்ணமின்றிக் கடன் கேட்பவன், ‘இப்படி வாங்குவதே என் வழக்கம்’ என்று அறிவித்துவிட்டுக் கேட்க முடியாது. ஆனால் ஃபான் நாய்மனின் ஆட்டக்காரன் தன் விதியை மேஜைமேல் எழுதி வைக்கலாம். மூன்றில் ஒரு தடவை என் கை வெறுங்கை என்று சொல்லிவிடலாம். அவன் மறைக்க வேண்டியது இந்த ஒரு கையை மட்டுமே. விதி பகிரங்கம், நிகழ்ச்சி ரகசியம். பகிரங்கப்படுத்தியும் நிற்கக்கூடிய மறைப்பைப் பொய் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிரவும், விலகத் தெரியாதவனிடம் இந்த மிரட்டல் செல்லாது. எதிராளியின் விவேகத்தை நம்பித்தான் அதை வைக்கிறோம்.

1968-ல் ஹார்வர்ட் பிஸினஸ் ரெவ்யூவில் ஆல்பர்ட் கார் என்பவர், வியாபாரமும் போக்கர் மாதிரி ஒரு ஆட்டமே, அங்கு நடக்கும் மிரட்டலுக்கு ஆட்டத்தின் தர்மம் போதும் என்று வாதிட்டார். அவர் போதிய கவனம் தராத விதி ஒன்று போக்கரில் இருக்கிறது. வரம்பில்லாத ஆட்டத்துக்கும் ஒரு வரம்பு உண்டு: மேஜைமேல் இருப்பதை மட்டுமே வைக்கலாம். ஆட்டத்தின் நடுவே பையிலிருந்து எடுக்கவோ வீட்டை எழுதிக் கொடுக்கவோ கூடாது. குறைந்த பணக்காரனை, ஈடு வைக்கப் போதவில்லை என்று வெளியேற்றவும் முடியாது. தன்னிடம் உள்ளதை வைத்து அந்த அளவுக்கு அவன் போட்டியிடுவான். மிகுதி கணக்கில் சேராது. தருமன் தம்பியரையும் தன்னையும் பாஞ்சாலியையும் வைத்தது இந்த விதி இல்லாத சபையில்.

ஆலையை மூடிவிடுவேன் என்று முதலாளி மிரட்டும்போது அந்தத் தொழிலாளிக்கு எந்த மேஜை விதியும் கிடையாது. அவன் முன்னிருப்பது ஒரு கை ஆட்டத்தின் பணமல்ல, மாத வாடகையும் அடுப்பும். பார்ப்பதா விலகுவதா என்பது ஒன்றேயாகும் சமநிலை பல ஆட்டங்களின் சராசரியில் கிடைப்பது. அவனுக்கு 1,20,000 ஆட்டங்கள் இல்லை, ஒன்றுதான். அவன் அந்த மேஜையில் உட்காரச் சம்மதித்ததும் இல்லை.

ஆக, எப்போது பெரிதாக வைப்பது? என் விதியைச் சொல்லிவிட்டும் என்னால் வைக்க முடிகிறபோது. வைப்பது என்னுடையதாக மட்டும் இருக்கும்போது. எதிராளி விலகியும் மறுபடி ஆட முடிகிறபோது. மூன்றாவது இல்லாத இடத்தில் முதல் இரண்டையும் காட்டி அதை ஆட்டம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.