கொடுப்பவர் விரதமும் குழந்தையின் முட்டையும்

மாட்டைத் தொலைத்த ஏழை உழவன் ஒருவன், காலையிலிருந்து அதைத் தேடி அலைந்துவிட்டு, ஆளவி நகரில் புத்தர் அறவுரை சொல்லவிருந்த இடத்துக்கு வந்து சேர்கிறான். கூட்டம் காத்திருக்கிறது. புத்தர் பேசவில்லை, முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள் என்கிறார். அவன் உண்டு முடித்த பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. பிக்குகள் முணுமுணுத்தார்கள். பசியால் வாடுகிறவனுக்கு அறம் விளங்காது என்பது புத்தர் சொன்ன காரணம். தம்மபத உரையில் வரும் கதை இது.

வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தவர். பசி முற்றினால் கண் பஞ்சடைவது, காது அடைப்பது, நா வறள்வது, கைகால் துவள்வது என்று உறுப்பு உறுப்பாக எழுதிவைத்திருக்கிறார். வைத்தியர் எழுதிய நோய்க்குறிப்பு போலவே இருக்கும். உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, பசியோடு அறிவும் மங்கும் என்று அவர் சொன்னதில் வியப்பு இருக்காது. அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

பசி தீர்ப்பது அறம். இதில் எந்த மதத்துக்கும் தகராறு இல்லை. தகராறு அடுத்த கேள்வியில் இருக்கிறது. வயிறு நிறைந்தால் அந்த அறம் முடிந்துவிடுகிறதா?

உடலியல் இல்லை என்கிறது. வெறும் சோறு பசியை அடக்கிவிடும். ரத்தத்துக்கு வேண்டிய இரும்பைக் கொடுக்காது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாரும் பட்டினி கிடக்கிறவர்கள் அல்லர். புரதத்திலும் இதே கதைதான். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. கோயில் அன்னதானத்து சாம்பார் சாதம் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டது. சாம்பார் தண்ணியாக இருந்தால் மட்டும் கணக்கு இடிக்கும்.

முட்டை வந்ததும்தான் மதம் மேசையில் ஏறி உட்கார்கிறது. கர்நாடகத்தில் 2021இல் சில வட மாவட்டங்களின் பள்ளிகளில் முட்டை தரத் தொடங்கியபோது லிங்காயத்து மடாதிபதிகள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். கொல்லாமை சின்ன விஷயமல்ல; வள்ளலாரே புலால் மறுத்தவர்தான். ஆனால் தன் வயிற்றுக்கு ஒருவர் வைத்துக்கொள்வது விரதம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் தட்டில் வைப்பது உத்தரவு. சீக்கியரின் பொதுச் சமையற்கூடமான லங்கரிலும் சைவச் சாப்பாடுதான். யார் வந்தாலும் தயங்காமல் ஒரே பந்தியில் உட்கார முடிய வேண்டும் என்பதற்காக அங்கே அந்தக் கட்டுப்பாடு. ஆனால் பள்ளி முட்டையை நிறுத்தினால், வீட்டில் முட்டைக்கு வழியில்லாத பிள்ளைக்குத்தான் தட்டு காலியாகும். பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் வர வேண்டும். வீட்டில் நாளும் பால், தயிர் புழங்குகிற குடும்பத்துக்கு இது பெரிய கவலையில்லை. பாலும் வாங்க முடியாத குடும்பத்துக்கு?

தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989இலேயே முட்டை வந்துவிட்டது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். பார்க்க நியாயமான ஏற்பாடு. யாரையும் வற்புறுத்தவில்லை, யாரையும் விலக்கவும் இல்லை. சத்துக் கணக்கு மட்டும் சரியாக வரவில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம். ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் தேறினால் அதிகம். குடும்ப நம்பிக்கையை மதித்த பிள்ளை ஐந்து கிராம் குறைவோடு வீடு திரும்புகிறது. 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் அந்தப் புரதம் கிடைத்துவிடும், கூடவே ஒரு டம்ளர் பால் கொடுத்தால் பி12உம் ஓரளவு வந்துவிடும். சுண்டலை எந்த மடமும் மறுக்காது. நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவில் படைப்பதே அதுதானே.