தாண்டப்பட்டவர்

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது முதல், நம் கடற்கரை மக்கள் வானை அண்ணாந்து பார்க்கும் நாளை எதிர்நோக்கி நிற்கின்றனர். உயர எழுவது எதுவாயினும் மனிதக் கண்ணை ஈர்க்கும். ஆனால் ஒருவர் மற்றொருவரைத் தாண்டி எழும்போது, கீழே நின்றவரை நாம் எவ்வாறு நோக்குவது? இதற்கு ஒரு விளையாட்டு நிகழ்ச்சியையே எண்ணிப் பார்க்கலாம்.

2000 செப்டம்பர் 25. சிட்னி ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்காவும் பிரான்சும் மோதின. பிரெஞ்சு அணியினர் வீசிய பந்தை இடையில் பறித்த வின்ஸ் கார்ட்டர் கூடையை நோக்கி விரைந்தார். குறுக்கே நின்றவர் பிரெடெரிக் வைஸ். உயரம் 218 செ.மீ. கார்ட்டரோ 198 செ.மீ. அவர் எழும்பினார். கால்களை அகற்றி வைஸின் தலையைக் கடந்தார். பத்தடி உயரத்து வளையத்தினுள் பந்தை அறைந்து இறக்கினார். பிரெஞ்சு ஏடுகள் அதை 'மரண டங்க்' என்றன.

கார்ட்டரின் புகழ் நிலைத்தது. வைஸின் பெயர் கேலிப்பொருளாயிற்று. முந்தைய ஆண்டில்தான் நியூயார்க் அணி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆயினும் அமெரிக்கத் தொழில்முறைக் களத்தில் அவர் ஒருநாளும் ஆடவில்லை.

வைஸ் செய்த பிழைதான் என்ன? கூடையைக் காப்பது நடுக்கள வீரரின் கடமை. அவர் இரண்டடி விலகியிருந்தால் இரண்டு புள்ளிகள் போயிருக்கும், மானம் போயிருக்காது. விலகியவரை எந்தப் படமும் காட்டுவதில்லை, எவரும் நகைப்பதுமில்லை. நின்றவரே நகைப்புக்கு ஆளாகிறார்! ஒரு செயலை அதன் முடிவைக் கொண்டு மட்டும் அறவியல் அளப்பதில்லை. செய்தது எது, எந்நோக்கத்தோடு என்றும் வினவுகிறது. வள்ளுவரும் நாணத்தைத் தகாத செயலுக்கே உரியதாக்கினார். தோல்விக்கு அவர் நாணம் கற்பிக்கவில்லை.

கார்ட்டரையும் நாம் குறை கூறோம், ஆற்றல் குற்றமன்று. நாமும் அக்காட்சியைக் கண்டு வியந்தவர்களே. ஆனால் வியப்பு ஏளனமாக மாறுவது ஆடுகளத்திலன்று, பார்ப்பவர் உள்ளத்தில். ஊரில் தேர்வில் தவறிய பிள்ளையையும், கடன்பட்டு மூடிய கடைக்காரரையும் நாம் பேசும் பேச்சை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

பின்னாளில் வைஸ் கசப்பின்றிக் கார்ட்டரின் திறமையைப் பாராட்டினார். அதே ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 85, பிரான்சு 75. வெள்ளிப் பதக்கம் பெற்றவர் வரிசையில் வைஸும் நின்றார். அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்போர் அரியர்.