வேறொருவர் விட்ட இடத்தில்

தொடங்கிய பணியை முடித்தே தீர வேண்டும் என்பது நம் வீடுகளில் சிறுவர்க்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று. பாதியில் விட்டவனைக் கடிந்துகொள்கிறோம். பல்லாண்டு கழித்தாயினும் திரும்பி வந்து முடித்தவனைப் பாராட்டுகிறோம். ஆனால் தொடங்கியவர் ஒருவர், திரும்பி வருபவர் வேறொருவர் என்றால், 'முடித்தல்' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? முன்னவரின் கருத்தை நிறைவேற்றுவதா? பின்னவரின் விருப்பத்தை அதன்மேல் ஏற்றுவதா? ஆலயத் திருப்பணிகளில் எழும் இவ்வினா, இரு கைகளில் அடங்கும் ஒரு மாதிரிக் காரிலும் எழக்கூடும்.

இராமநாதபுரத்தில் நமக்கு அறிமுகமான ஓர் இல்லம். அதன் தலைவர் அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டியவர். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, இராமேசுவரம் தீவுக்குச் செல்வோர் ரயிலையோ படகையோ நம்பியிருந்தனர். பாலம் திறந்த பின் யாத்திரிகர்களை அவர் தம் காரிலேயே அழைத்துச் சென்றார். ஓய்வு நேரங்களில் அக்காரையே சிறு உருவாகச் செய்யத் தொடங்கினார். கடையில் கிடைக்கும் அச்சு வார்ப்பன்று. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டி, 1:24 என்னும் அளவில் அமைத்தது. நான்கே கால் மீட்டருக்குச் சற்று மிகுந்த வண்டி, பதினெட்டு சென்டிமீட்டருக்குள் ஒடுங்குகிறது. அதாவது மெய்க்காரில் ஓர் அங்குலப் பிழை மாதிரியில் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரும் கண்ணுக்குத் தெரியும் என்பதே இக்கலையின் கடுமை.

கூரையும் வலப்பக்கமும் முடிந்தன. 2007இல் வாழ்க்கைத் தேவை காரணமாகக் கார் விற்கப்பட்டது. அளந்து பார்க்க வண்டி இல்லாததால் கையும் நின்றது. சில ஆண்டுகளில் அவர் காலமானார். அண்மையில் அவருடைய மகன் பரணிலிருந்து அப்பெட்டியை இறக்கினார்.

கடற்கரை ஊரில் பெட்டிக்குள் இருக்கும் பொருளும் மூப்படைகிறது. உப்புக் காற்றில் இரும்பு அச்சு துருவேறியிருந்தது. பித்தளைத் துண்டுகளில் களிம்பு படர்ந்திருந்தது. வெண்மையாயிருந்த தகடு மஞ்சளாகி, இணைப்புகளில் பூசிய பட்டி சுருங்கி வெடித்திருந்தது. கண்ணாடிக்காக வைத்த ஒளிபுகும் தாள் சுருண்டு கிடந்தது. இவற்றை மாற்றுவதில் அறச்சிக்கல் ஏதுமில்லை. (இடையே ஒரு சொல்: இத்தகைய வேலையில் ஈடுபடும் நம் இளைஞர்கள், மரப்பகுதிகளை ஒட்ட வச்சிரத்தைப் பயன்படுத்த வேண்டியதில்லை. அது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஃபெவிகால் போன்ற செயற்கைப் பசை மரத்துக்கு நன்றாகவே பயன்படும்.)

சிக்கல் வலப்புறப் பின்சக்கரத்தின் மேல் இருந்தது. அங்கே தகடு சற்று உள்வாங்கியிருந்தது. வெப்பத்தில் நெளிந்ததென எண்ணிய மகன், பட்டி பூசி வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்ய முனைந்தார். அவருடைய தாயார் தடுத்தார். "அது அப்படியேதானப்பா இருந்துச்சு. நம்ம காருல அந்த இடம் ஒடுங்கியிருந்ததை நீ சின்னப்பிள்ளையா இருந்தப்ப பார்த்திருப்பே" என்றார். தந்தை பிழை செய்யவில்லை; தம் வண்டியின் வடுவையும் அளந்து வைத்திருந்தார்! அவர் செய்தது ஏதோ ஓர் அம்பாசிடர் அன்று; அவருக்குச் சோறளித்த அந்த ஒரு வண்டி. அரைமணி நேரம் தாமதித்திருந்தால், நல்லெண்ணத்தோடும் திறமையோடும் அச்சான்று அழிக்கப்பட்டிருக்கும்.

பொறுமை, விடாமுயற்சி என நாம் வழக்கமாகப் போற்றும் குணங்கள் இங்கே போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விடாமுயற்சியே ஆபத்தாக முடிந்திருக்கும். திரும்பி வருபவனுக்கு முதலில் வேண்டுவது, தனக்குப் பிழையெனத் தோன்றுவது முன்னவரின் கருத்தாகவும் இருக்கலாம் என்று ஐயுற்று நிற்கும் பணிவு. ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு முடிவு கூறாதே என்னும் அநேகாந்த நெறி நமக்குப் புதிதன்று. கையில் வாட்டர் பேப்பர் இருக்கும்போது அது நினைவுக்கு வருவதுதான் அரிது.

அப்படியாயின் முன்னவர் செய்த எதையும் தொடக்கூடாதா? அதுவும் சரியன்று. அக்கார் நாள்தோறும் கடந்த பாம்பன் நீரிணையே இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை வைத்திருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தை 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்தபோது, இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் நடந்த சீரமைப்பில், கடலில் வீழ்ந்த இரும்புத் தூலங்களைத் தேடியெடுத்து மீண்டும் ஏற்றினர். 46 நாட்களில் பாலம் எழுந்தது. அதே புயல் அழித்த தனுஷ்கோடி ரயில் பாதைக்கோ அதன்பின் ரயில் திரும்பவே இல்லை. பின்னாளில் பழைய பாலத்தின் வலிமை குன்றியபோது 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தி, பக்கத்திலேயே வேறொரு பாலம் அமைத்து, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்தனர். பழையதை மீட்டதும், கைவிட்டதும், அதனருகே புதிது செய்ததும் ஒரே கடற்கரையில்தான். எது தகும் என்பதை அங்கே பற்று தீர்மானிக்கவில்லை. எஞ்சியிருப்பது எவ்வளவு, அது யாருக்குப் பயன்படும் என்ற ஆராய்ச்சியே தீர்மானித்தது.

மாதிரிக் காரின் இடப்பக்கம் இதனினும் கடினமான கேள்வி. தந்தை அதனை அளக்கவே இல்லை. வண்டியும் இன்று இல்லை; உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. வேறொரு பழைய வண்டியை அளந்து பொது வடிவத்தை அறியலாம். அந்த வண்டியின் இடப்பக்க வடுக்களை எங்ஙனம் அறிவது? வலப்பக்கத்துக்கு இணையாக இங்கும் ஓர் ஒடுக்கம் வைத்தால் அழகாயிருக்கும் என நண்பர் ஒருவர் சொன்னாராம். அது பொய்ச்சான்று என்பதே நம் கருத்து. அன்பின் பொருட்டு இயற்றும் பொய்யும் பொய்யே. வாய்மை விரதம் நாவுக்கு மட்டும் உரியதன்று.

மகன் தேர்ந்த வழி நமக்கு உடன்பாடானது. இடப்பக்கத்தை வடு ஏதுமின்றித் தூய வடிவமாகச் செய்கிறார். தந்தையின் கைவேலையும் தம் கைவேலையும் சந்திக்கும் கோட்டை வண்ணம் பூசி மறைக்கவில்லை. உற்று நோக்குவோர்க்கு அது தெரியும். அடித்தட்டில் இருவர் பணிசெய்த ஆண்டுகளையும் தனித்தனியே பொறித்துள்ளார். பழைய அச்சை எடுத்துவிட்டுத் துருவேறாத எஃகில் புதியது பொருத்தியாயிற்று. திருமணப் படமொன்றில் இடப்புற முன்கதவு பாதி தெரிகிறதாம். அதில் காண்பது கீறலா, படத்தின் கறையா என்று உறுதிப்படும் வரை அக்கதவுக்கு மட்டும் வண்ணம் பூசாது வைத்திருக்கிறார்.